வெள்ளைச் சரிவில் நான் அடித்த மருந்து

எங்கள் பகுதித் தமிழ்த் தோட்டக்காரர் வட்டத்தின் செயலாளர் லோகேஸ்வரி சென்ற மாதம் என்னைத் தொலைபேசியில் பிடித்தார். ஆண்டு மலருக்கு இரண்டு பக்கம் வேண்டுமாம்.

“அண்ணை, எங்கட ஆக்களின்ர பின்வளவு முழுக்க நிழல். கத்தரியும் வராது, மிளகாயும் வராது. நீங்கள் அந்தப் பெரிய தோட்டத்தில மரத்துக்குக் கீழ வெள்ளைப் பூ வளர்த்தனீங்கள் எல்லோ? அதை எப்பிடி வைக்கிறது எண்டு எழுதித் தாங்கோ. அதில நீங்கள்தானே கெட்டிக்காரன்.”

ஓம் என்று சொல்லிவிட்டேன். எழுத உட்கார்ந்தபோது அந்தக் ‘கெட்டிக்காரன்’ என்ற சொல் வந்து குறுக்கே நின்றது. இரண்டு தரம் எழுதிக் கிழித்தேன். பூ வளர்ப்பதைப் பற்றி மட்டும் எழுதினால் அது பொய்க் கட்டுரையாகிவிடும். அந்தப் பூவை நான் கற்றது எப்படி என்று எழுதினால் வெட்கக்கேடு. வயது அறுபத்தொன்பது ஆகிறது. வெட்கக்கேட்டையே எழுதுகிறேன்.

முதலில் கேட்டதைக் கொடுத்துவிடுகிறேன். அந்தப் பூவை இங்கே வுட் அனிமோன் என்பார்கள். இலை உதிர்க்கும் மரங்களுக்குக் கீழே வளர்வது. மார்ச் கடைசியில், மரம் இன்னும் மொட்டையாக நிற்கும்போது, நிலத்தில் வெயில் விழும் அந்தச் சில வாரங்களுக்குள் முளைத்து, பூத்து, வேலையை முடித்துக்கொள்ளும். மேலே இலை மூடியதும் கீழே இது வாடத் தொடங்கும். ஜூன் நடுவில் போய்ப் பார்த்தால் அங்கே ஒன்றுமே இல்லை, வெறும் மண். அதனால் இடத்தை அடையாளப்படுத்தி வையுங்கள். இல்லாவிட்டால் நீங்களே மண்வெட்டியால் கொத்திவிடுவீர்கள். காய்ந்த கிழங்கை வாங்காதீர்கள், வசந்தத்தில் சாடியில் இலையோடு விற்பதை வாங்குங்கள். கிழங்கு மெல்லிய சுள்ளி மாதிரி இருக்கும். அதைப் படுக்கையாக வைத்து, விரலின் இரண்டாவது கணு ஆழத்துக்கு மூடினால் போதும். மேலே மக்கிய இலையைத் தூவுங்கள். மிதிக்காதீர்கள். கையுறை போடுங்கள், அதன் சாறு சிலருக்குத் தோலைக் கடிக்கும். பிறகு பொறுத்திருங்கள். ஒரு வருடத்தில் ஒரு விரலகலம் பரவினால் அது பெரிய காரியம்.

அந்தக் கடைசி விசயத்தை நினைவில் வைத்துக்கொண்டு மிச்சத்தை வாசியுங்கள்.

ஊரில் நான் பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில் உதவியாளராக இருந்தவன். மண்வெட்டி பிடித்தவன் இல்லை. லண்டனுக்கு வந்து எட்டு வருடம் பெட்ரோல் ஸ்டேஷன் கண்ணாடிக்குப் பின்னால் இருந்தேன். கோலியர்ஸ் வுட்டில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டுக்கு நாலு வீடு தள்ளிச் சபாநாதன் அண்ணை இருந்தார். அவர் ஜெர்மனியில் பதினொரு வருடம் ஒரு நகரசபை மயானத்தில் தோட்டவேலை செய்துவிட்டு இங்கே வந்தவர். தெற்கு லண்டனில், பழைய மாளிகை ஒன்றைச் சுற்றியிருந்த பெரிய தோட்டத்தில் வேலை பார்த்தார். ஒரு நாள் என் முகத்தைப் பார்த்து, “தம்பி, நீர் அந்தக் கூட்டுக்குள்ள இருந்து கறுத்துப் போறீர். எங்கட தோட்டத்துக்கு ஒராள் தேவை, நான் கதைக்கிறன்” என்றார். கதைத்தார். இரண்டாயிரமாம் ஆண்டு நான் அங்கே சேர்ந்தேன். முதல் இரண்டு வருடமும் அவருக்குப் பின்னால் நடந்து, அவர் செய்வதைச் செய்தேன். அவ்வளவுதான் என் படிப்பு. பிறகு தோட்டமே என்னைக் களைகொல்லி அடிக்கும் பயிற்சிக்கு அனுப்பியது. சோதனையில் தேறி ஒரு சான்றிதழ் கிடைத்தது. இந்த நாட்டில் எனக்கென்று கிடைத்த முதல் காகிதம் அது. சட்டம் போட்டு வீட்டில் மாட்டினேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள்.

தலைமைத் தோட்டக்காரர் மிஸ் பார்லோ. ஐம்பது தாண்டிய நெட்டையான பெண். ஆண்கள் போடும் பழைய மழைக்கோட்டு, அதன் பையில் எப்போதும் ஒரு சணல் உருண்டை. அவர் யாரையும் அதட்டி நான் கேட்டதில்லை. நீங்கள் பிழையாக ஒன்றை நட்டால் பக்கத்தில் வந்து முழங்காலில் இருந்து, அதே செடியைத் தோண்டி எடுத்துச் சரியாக நட்டுவிட்டு, ஒரு சொல்லும் சொல்லாமல் எழுந்து போவார். ஒன்றை அறிய வேண்டும் என்றால் ஒரே ஒரு தரம் கேட்பார். பிறகு காத்திருப்பார். நீங்கள் வாய் திறக்கும் வரை அவர் கண் உங்கள் முகத்தில் இருக்காது. கையில் இருக்கும் சணலில் இருக்கும். அந்தக் காத்திருப்பைத் தாங்க ஏலாமல் எத்தனையோ பேர் செய்யாத பிழையையும் ஒப்புக்கொள்வார்கள் என்று சபா அண்ணை பகிடியாகச் சொல்வார்.

தோட்டத்தின் வடக்குப் பக்கம் ஓக் மரங்களும் ஹார்ன்பீம் மரங்களும் நிற்கும் ஒரு சரிவு. அதன் அடியில் சரளைக்கல் பாதை. சரிவு முழுக்க அனிமோன். மாளிகை கட்டுவதற்கு முதலே அது அங்கே இருந்திருக்க வேண்டும் என்பார் மிஸ் பார்லோ. வெள்ளைச் சரிவு என்றுதான் எங்களுக்குள் பெயர். வெயில் பட்டால் அத்தனை பூவும் விரியும், மேகம் மூடினால் அத்தனையும் கூம்பித் தலை குனியும். விரிந்த நாட்களில் அவர் மழைக்கோட்டோடு பாதையில் குப்புறப் படுத்து, தரை மட்டத்தில் கண்ணை வைத்துப் பார்ப்பார். பார்வையாளர்கள் தாண்டிப் போவார்கள். அவருக்குக் கவலையில்லை.

அந்தச் சரிவுக்கு இரண்டு சட்டம் வைத்திருந்தார். இலை தானாகச் சாயும் வரை எதையும் தொடக்கூடாது. இலை பச்சையாக நிற்கும் நாட்களில்தான் கிழங்கு அடுத்த வருடத்துக்குச் சாப்பிடுகிறது. மற்றது, அங்கே களையைக் கையால் மட்டும்தான் எடுக்க வேண்டும். பாதையோரத்தில் கிரவுண்ட் எல்டர் என்ற களை வந்து அனிமோனுக்குள் புகுந்திருந்தது. வெள்ளை நூல் மாதிரி வேர் விடும் களை அது. அதன் ஒரு துண்டு மண்ணில் இருந்தாலும் திரும்ப முளைக்கும். பலகையில் முழங்காலை ஊன்றி, சின்ன முள்ளுக் கருவியால் மண்ணைத் தளர்த்தி, அனிமோன் கிழங்கை விலக்கி, நூலை முழு நீளத்துக்கும் உருவ வேண்டும். ஒரு நாள் முழுக்க இருந்தாலும் ஒரு கட்டில் அளவு இடம்தான் முடியும்.

இரண்டாயிரத்து இரண்டு மே மாதம் மிஸ் பார்லோ மூன்று வாரம் விடுமுறையில் போனார். போகும்போது சரிவின் கீழ்ப்பக்கக் களையை எனக்கு ஒப்படைத்தார். சபா அண்ணைக்குப் பாதைகள். ஜூன் மாதம் தோட்டத்தின் நிர்வாகக் குழு பார்வையிட வரும், அதன் பிறகு மூத்த தோட்டக்காரர் பதவி ஒன்றுக்கு ஆள் எடுப்பார்கள் என்றும் எல்லாருக்கும் தெரியும். நியாயமாக அது சபா அண்ணைக்குரியது. எனக்கும் ஒரு சின்ன ஆசை இருந்தது. சின்ன ஆசை என்று இப்போது எழுதுகிறேன். அப்போது அது பெரிதாகத்தான் இருந்தது.

ஒரு கிழமை முழங்காலில் இருந்தேன். முழங்கால் வீங்கியது. செய்த இடத்தைத் திரும்பிப் பார்த்தால் ஒரு மூலைகூட முடியவில்லை.

இரண்டாவது கிழமை ஒரு வியாழக்கிழமை காலை சபா அண்ணை சரிவுக்குக் கீழே இருந்த பாதைக்குக் களை மருந்தடித்துக்கொண்டு வந்தார். முதுகில் மாட்டும் ஸ்பிரேயரின் தாங்கி நிறைய மருந்து கலந்திருந்தார். பாதி வேலையில் அவருடைய கைத்தொலைபேசி அடித்தது. மலர் அக்காவுக்கு, அதாவது அவருடைய மனைவிக்கு, கண் ஆஸ்பத்திரியில் நேரத்தை முன்னுக்குக் கொண்டு வந்துவிட்டார்கள். பதிவுப் புத்தகத்தில் அவர் ஏற்கெனவே எழுதியிருந்தார்: நாள், பாதை, முழுத் தாங்கி, கையெழுத்து. மருந்து அடித்தால் எழுத வேண்டும் என்பது சட்டம். அவர் எதையும் முன்கூட்டியே எழுதி வைக்கும் ஆள். குழாயடியில் ஸ்பிரேயரைக் கழற்றி என் கையில் தந்தார்.

“தம்பி, அரைவாசிக்கு மேல கிடக்கு. பாதையின்ர மிச்சத்துக்கு நாளைக்குப் புதுசாக் கலக்கிறன். இதை முறையா ஊத்திப்போட்டு, மூண்டு தரம் கழுவிக் கவிட்டு வையும். நான் ஆஸ்பத்திரிக்குப் போட்டு வாறன்.”

“ஓம் அண்ணை, நீங்கள் போங்கோ” என்றேன்.

நான் அதை ஊற்றவில்லை. முதுகில் மாட்டிக்கொண்டு சரிவுக்குப் போனேன். அனிமோன் பூக்கள் கொட்டிவிட்டன. இலையில் அங்கங்கே மஞ்சள் இருந்தது. முடிந்துபோன செடிதானே, களைதான் சாகும் என்று எனக்கு நானே சொன்னேன். ஆனால் பாதிக்கு மேல் இலை பச்சை என்பது என் கண்ணுக்குத் தெரிந்தது. பச்சை இலையில் பட்ட மருந்து வேருக்கு இறங்கும் என்று பயிற்சியில் நானே எழுதித் தேறியவன். தெரியாமல் செய்தேன் என்று இந்தக் கட்டுரையில் ஒரு வரி எழுத ஆசையாக இருக்கிறது. எழுத ஏலாது. தெரியும்.

முக்கால் மணி நேரத்தில் முடிந்தது. பாதையோரமாக, இரண்டு பஸ் நீளம், ஒரு ஆள் படுத்த அகலம். பிறகு தாங்கியை மூன்று தரம் கழுவிக் கவிழ்த்து வைத்தேன். புத்தகத்தில் எதுவும் எழுதவில்லை.

பத்து நாளில் களை மஞ்சளாகி விழுந்தது. வாரி எடுத்துக் குப்பையில் போட்டேன். அனிமோனும் வாடியிருந்தது, ஆனால் அது வாடும் காலம்தானே. ஒருவருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. சபா அண்ணை பாதையில் நின்று பார்த்து, “வடிவாப் புடுங்கியிருக்கிறீர் தம்பி. ஜெர்மனியில எண்டா உமக்குப் பரிசு தருவாங்கள்” என்றார். மிஸ் பார்லோ திரும்பி வந்து சரிவைப் பார்த்துவிட்டு “ம்” என்றார். அவரிடம் அதற்கு மேல் பாராட்டு கிடையாது. அந்த ‘ம்’ஐ நான் வீட்டுக்குக் கொண்டுபோய் என் மனைவி ரதிக்குச் சொன்னேன். பதவிக்கு ஆள் எடுப்பதை மட்டும் குழு அடுத்த வருடத்துக்குத் தள்ளி வைத்தது.

அடுத்த மார்ச்சில் சரிவின் மேல்பக்கம் வெள்ளையாகப் பூத்தது. கீழ்ப்பக்கம் பூக்கவில்லை. பாதையோரத்தில் ஒரு நேர்கோடு கிழித்த மாதிரி மண் வெறுமையாகக் கிடந்தது. ஏப்ரல் முதல் வாரம் வரை பார்த்தார் மிஸ் பார்லோ. பிறகு ஒரு காலை எங்கள் இரண்டு பேரையும் அங்கே கூப்பிட்டார். முழங்காலில் இருந்து விரலால் மண்ணைக் கிளறி ஒரு கிழங்கை எடுத்தார். உயிருள்ள கிழங்கு வெளியே மண்ணிறமாக இருக்கும், முறித்தால் உள்ளே வெள்ளை. அவர் முறித்தது உள்ளும் புறமும் கறுப்பு. இன்னொன்றை எடுத்து முறித்தார். பிறகு இன்னொன்று. நாலாவதை முறிக்காமல் உள்ளங்கையில் வைத்துக்கொண்டார்.

“இது மருந்து” என்றார்.

பதிவுப் புத்தகத்தைக் கொண்டு வந்திருந்தார். சென்ற மே மாதம் அந்த இடத்துக்கு இருந்தவை சபா அண்ணையின் பதிவுகள் மட்டும். “மிஸ்டர் சபாநாதன், இந்தப் பாதைக்கு ஒரு முழுத் தாங்கி என்று எழுதியிருக்கிறீர்கள். அடுத்த நாளும் இதே பாதைக்கு என்று இருக்கிறது. அப்படியானால் முதல் நாள் பாதியாவது மிஞ்சியிருக்க வேண்டும். மிச்சம் எங்கே போனது?”

கேட்டுவிட்டுச் சணலைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தார்.

சபா அண்ணை தயங்கவே இல்லை. “அன்றைக்கு நான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஊற்றிக் கழுவச் சொல்லித் தம்பியிடம் கொடுத்தேன்” என்றார் ஆங்கிலத்தில்.

மிஸ் பார்லோ என் பக்கம் திரும்பினார். “அப்படியா?”

எனக்குக் கிடைத்த நேரம் எவ்வளவு என்று பிறகு பல தரம் எண்ணிப் பார்த்திருக்கிறேன். நிறைய நேரம் இருந்தது. ஒரு கருங்குருவி வேலியிலிருந்து பாதைக்கு இறங்கி, இலையைப் புரட்டி, திரும்பப் போனது. அவ்வளவு நேரம். நான் அவருடைய சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்: “என்னிடம் தரவில்லை. நான் பார்க்கும்போது தாங்கி கழுவிக் கவிழ்த்து இருந்தது. களை பிடுங்கப் போனபோது பாதையோரத்து இலையெல்லாம் ஏற்கெனவே மஞ்சளாக இருந்தது. பருவம் முடிந்தது என்று நினைத்தேன்.”

ஒரு பொய் சொல்லப் போனவன் மூன்று சொல்லிவிட்டேன்.

சபா அண்ணை என்னைப் பார்த்தார். கோபம் வரும் என்று நினைத்தேன். கோபம் வரவில்லை, குழப்பம்தான் வந்தது. தமிழுக்கு மாறினார்.

“தம்பி, பைப்படியில வச்சு உம்மட்டத் தந்தனான் எல்லோ?”

“இல்லை அண்ணை.”

“மூண்டு தரம் கழுவச் சொல்லிச் சொன்னனான்.”

“இல்லை அண்ணை. வேற நாளா இருக்கும்.”

“வேற நாளோ...” என்றார். நெற்றியைத் தடவினார். “மலருக்குக் கண் எண்ட பதட்டத்தில... அப்ப நான்தான் அடிச்சு முடிச்சனோ? பாதையெண்டு நினைச்சுக் கரையிலயும் அடிச்சுப்போட்டனோ?”

மிஸ் பார்லோவுக்குத் தமிழ் விளங்காது. ஆனால் அந்த முகம் விளங்கியிருக்க வேண்டும். அடுத்த நாள் அவரைத் தனியாகக் கூப்பிட்டு இன்னொரு தரம் கேட்டார். சபா அண்ணை, “நானாகத்தான் இருக்க வேண்டும். எனக்கு நினைவில்லை” என்று சொன்னார். என்னை அவர் நம்பினார், தன் நினைவை நம்பவில்லை. நான் பொய் சொல்வேன் என்பது அவருக்குத் தோன்றவேயில்லை.

ஸ்பிரேயர் வைக்கும் அறைப் பூட்டின் திறப்பை அவரிடமிருந்து வாங்கிக்கொண்டார்கள். அதற்குப் பிறகு அவர் எதற்கெடுத்தாலும் என்னைக் கேட்கத் தொடங்கினார். “தம்பி, நான் கேட் பூட்டினனானோ?” “தம்பி, இந்தச் சாடிக்குத் தண்ணி விட்டனானோ?” பூட்டியிருப்பார், விட்டிருப்பார். “ஓம் அண்ணை” என்று சொல்வேன். நான் சொன்னால் அவருக்கு நிம்மதி. அந்த நிம்மதிக்கு என்னிடம் வந்து நிற்பார். இலையுதிர் காலத்தில், ஐம்பத்தெட்டு வயதில், தானாகவே விலகிக்கொண்டார். பிரிவுபசாரத்தில் தேநீர்க் கோப்பையோடு எனக்குப் பக்கத்தில் நின்று, “பிழை விட்டவன் ஒதுங்கத்தான் வேணும். நீர் இருக்கிறீர், அது போதும்” என்றார். மூத்த தோட்டக்காரர் பதவி எனக்கு வந்தது.

செத்த சரிவை மீட்பதையும் மிஸ் பார்லோ என்னிடம்தான் கொடுத்தார். நான் அனிமோன் வளர்க்கக் கற்றது இப்படித்தான். ஏப்ரல் முடிவில், பூ கொட்டி இலை பச்சையாக நிற்கும்போது, மேல்சரிவில் நெருக்கமான இடத்தில் உள்ளங்கை அளவு மண்ணோடு ஒரு கட்டியைக் கிளப்புவேன். ஒன்றுக்கும் மற்றதுக்கும் நடுவில் ஒரு முழக்கை தூரம் விடுவேன், மேல்சரிவுக்குக் காயம் தெரியக்கூடாது. ஈரப் பத்திரிகைத்தாள் விரித்த தட்டில் வைத்து, காற்றுப் படாமல் மூடி, அந்தக் காலையே கீழே நடுவேன். கால் வைத்து அழுத்துவதில்லை, உள்ளங்கையால் மட்டும். பூவாளியால் தண்ணீர். சுற்றி ஹேசல் சுள்ளி குத்தி அடையாளம். இலையுதிர் காலத்தில் ஓக் இலை தடித்த போர்வையாகக் கிடந்தால் கையால் பிரித்து மெல்லிதாக்குவேன், அடியில் கிடப்பவை மூச்சுவிட வேண்டும். முதல் வருடம் இருபது கட்டி வைத்தேன். அடுத்த வசந்தத்தில் ஏழு பூத்தது. இரண்டாம் வருடம் வேறு இருபது.

பார்வையாளர்கள் பாதையில் நின்று பாராட்டுவார்கள். தோட்டத்தின் செய்தி மடலில் என் படம் வந்தது: முழங்காலில் இருந்து சிரிக்கிறேன். அந்த மடலை ரதி சபா அண்ணை வீட்டுக்கும் கொண்டுபோய்க் கொடுத்தாள். “அண்ணைக்கு நல்ல சந்தோசம், உங்களை மெச்சினவர்” என்றாள். நான் அன்றைக்குச் சாப்பிட்டேன், நித்திரை கொண்டேன். அதைத்தான் நான் இன்றைக்கும் ஜீரணிக்க முடியாமல் இருக்கிறேன். நடந்ததை நினைத்துத் தூக்கம் கெட்டது என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. நான்கு வருடமும் நன்றாகத்தான் இருந்தேன். அவர்கள் வீட்டுத் தெருவைச் சுற்றிப் போகப் பழகியிருந்தேன், அவ்வளவுதான்.

ஐந்தாவது வருடம் அக்டோபரில் ஒரு சனிக்கிழமை, ரதி கடைக்குப் போய்விட்டு வந்து சாமான்களை எடுத்து வைத்தபடி சொன்னாள்.

“மலர் அக்காவைக் கண்டனான். பேத்தி பிறந்திருக்கு, ஆறு கிழமை. ஆனா சபா அண்ணை பிள்ளையைத் தூக்கவே மாட்டாராம். ‘என்னை நம்பி விட்டுட்டுப் போகாதேங்கோ, நான் எங்கையும் வச்சிட்டு மறந்துபோவன்’ எண்டு சொல்லிக் கையைப் பின்னுக்குக் கட்டிக்கொண்டு நிக்கிறாராம். காரும் விட்டுட்டார், நாலு வருசமா ஓடுறேல்லை. ஆஸ்பத்திரியில ரெண்டு தரம் எல்லாச் சோதினையும் செய்தவையாம். ஞாபகத்தில ஒரு குறையும் இல்லையாம். அவர் நம்புறார் இல்லையாம். என்ன வருத்தமெண்டு ஒருத்தருக்கும் தெரியேல்லை, பாவம்.”

“எனக்குத் தெரியும்” என்றேன்.

சொல்லிவிட்ட பிறகுதான் சொன்னது தெரிந்தது. ரதி கையில் இருந்த உருளைக்கிழங்குப் பையை மேசையில் வைத்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். முடிந்ததும், “ஒவ்வொரு பொங்கலுக்கும் அந்த வீட்ட நான் பலகாரம் கொண்டு போனனான். அவை என்னை இருத்தித் தேத்தண்ணி தந்தவை. என்னையும் சேர்த்தெல்லோ அதுக்குள்ள வச்சிருந்தனீங்கள்” என்றாள்.

“நாளைக்குப் போய்ச் சொல்லுறன்.”

“நாளைக்கு இல்லை. இப்ப போங்கோ.”

நாலு வீடு தள்ளித்தான். மலர் அக்கா கதவைத் திறந்து, “ஆ, வாங்கோ தம்பி, எவ்வளவு காலம்!” என்றார். முன்னறையில் தொட்டிலில் குழந்தை தூங்கியது. சபா அண்ணை அறையின் மற்றப் பக்கத்தில், சுவரோடு ஒட்டிய கதிரையில் இருந்தார். மெலிந்திருந்தார். நான் இருக்கவில்லை. நின்றபடி சொன்னேன். சுற்றி வளைத்தால் நடுவில் நின்றுவிடுவேன் என்று பயந்து, முதல் வசனத்திலேயே சொன்னேன்.

“அண்ணை, நீங்கள் ஸ்பிரேயரை என்னட்டத் தந்தனீங்கள். சரிவுக்கு மருந்தடிச்சது நான்.”

அவர் கதிரையில் முன்னுக்கு நகர்ந்தார். பிறகு ஒரு வேலையைச் சரிபார்ப்பவர் போலக் கேட்டார்.

“எங்க வச்சுத் தந்தனான்?”

“பைப்படியில.”

“என்ன சொன்னனான்?”

“அரைவாசிக்கு மேல கிடக்கு, முறையா ஊத்திப்போட்டு மூண்டு தரம் கழுவிக் கவிட்டு வையும் எண்டனீங்கள். போட்டு வாறன் எண்டனீங்கள்.”

“போட்டு வாறன் எண்டனான்” என்று திருப்பிச் சொன்னார். கண்ணை மூடினார். “ஓம். அதுதான். அப்பிடித்தான் எனக்குள்ள இருந்தது. ஒரு நாளும் மாறேல்லை. நான்தான் அது பொய் ஞாபகம் எண்டு அதை மிதிச்சு மிதிச்சு வச்சிருந்தனான்.”

மலர் அக்கா என்னைப் பார்த்த பார்வையை நான் எழுதப் போவதில்லை. இத்தனை வருடப் பழக்கத்தில் முதல் தரமாக என்னை நீ என்று கூப்பிட்டார். “உனக்கு நெஞ்சிருக்கோ? இந்த மனிசன் வெளிக்கிடேக்க அடுப்பை நாலு தரம் பாக்கும். திறப்பைக் கையில வச்சுக்கொண்டு திறப்புத் தேடும். பைத்தியம் பிடிக்கப் போகுதெண்டு நான் கோயில் கோயிலா அலைஞ்சன். எல்லாம் உன்ர ஒரு சொல்லாலயோ?”

“ஓம் அக்கா.”

குழந்தை விழித்து அழத் தொடங்கியது. “மலர், கத்தாதை” என்றார் சபா அண்ணை. எழுந்து நின்றார். என்னிடம் வந்து அடிப்பார் என்றுதான் நினைத்தேன். அடித்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். அவர் என் முகத்தைப் பார்த்து, “மிஸ் பார்லோவுக்கும் நீர்தான் சொல்லவேணும். நான் சொல்லமாட்டன். இனி நீர் போம்” என்றார். மன்னிப்பு என்ற சொல் அந்த அறையில் என் வாயிலிருந்தும் வரவில்லை, அவர் வாயிலிருந்தும் வரவில்லை.

திங்கட்கிழமை காலை மிஸ் பார்லோவிடம் சொன்னேன். கருவிக் கொட்டகையில் கத்தரிக்கோல் தீட்டிக்கொண்டிருந்தார். கேட்டு முடியும் வரை தீட்டினார். பிறகு கல்லைக் கீழே வைத்தார்.

“அந்த மனிதரை நான் இரண்டு தரம் கேட்டேன்” என்றார். “இரண்டு தரமும் அவர் உண்மையைத்தான் தேடினார். உங்களை ஒரு தரம்தான் கேட்டேன். அது என் பிழை.”

அன்று மத்தியானமே மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு கோலியர்ஸ் வுட்டுக்குப் போனார். சபா அண்ணையிடம் தோட்டத்தின் சார்பில் மன்னிப்புக் கேட்டு, வேலைக்குத் திரும்ப வரும்படி கேட்டிருக்கிறார். அவர் நன்றி சொல்லி மறுத்துவிட்டார். என் மூத்த பதவியை எடுத்துவிட்டார்கள். வேலையை விட்டு அனுப்புவார்கள் என்று எதிர்பார்த்தேன். அனுப்பவில்லை. “கீழ்ச்சரிவு இன்னும் முடியவில்லை” என்று மட்டும் சொன்னார் மிஸ் பார்லோ. ஓய்வு பெறும் வரை நான் சாதாரணத் தோட்டக்காரனாகவே இருந்தேன். அவர் அதன் பிறகு என்னுடைய வேலைக்கு ‘ம்’ சொன்னதில்லை. சொல்ல வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை.

இன்னும் ஒன்று மட்டும் இருக்கிறது. அதற்கு ஒன்றரை வருடம் கழித்து, ஒரு ஏப்ரல் ஞாயிறு. நல்ல வெயில். நான் கீழ்ச்சரிவில் முழங்காலில் இருந்து சுள்ளி நட்டுக்கொண்டிருந்தேன். பாதையில் ஒரு சின்னக் குழந்தை தளர்நடையாக ஓடி வந்தது. பேத்தியின் கையைப் பிடித்தபடி பின்னால் சபா அண்ணை. மலர் அக்கா இல்லை, மகள் இல்லை. அவர்கள் இரண்டு பேர் மட்டும். அவருடைய மற்றக் கையில் கார்த் திறப்பு.

நான் எழுந்து நின்றேன். சபா அண்ணையும் நின்றார். அவர் பார்வை என்னைத் தாண்டிச் சரிவுக்குப் போனது. அங்கங்கே கை அளவு வெள்ளைத் திட்டுகள், நடுவில் இன்னும் நிறைய வெறும் மண். ஒரு தோட்டக்காரன் பார்ப்பது போல நிதானமாக அந்த மண்ணையும் பூவையும் பார்த்தார். குழந்தை என் சப்பாத்துக்கு முன்னால் நின்று எட்டி எட்டிப் பார்த்தது.

“தம்பி” என்றார், “கொஞ்சம் தள்ளி நில்லும். பிள்ளைக்குப் பூ மறைக்குது.”

தள்ளி நின்றேன்.